பார்வைக்கு இடைஞ்சல்

சான் பிரான்சிஸ்கோவில் புல்லுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. 1984-இல் மக்களே வாக்களித்துக் கொண்டுவந்தது. நாற்பது அடிக்கு மேல் எழும்பும் புதுக் கட்டடத்தின் நிழல் மாநகரப் பூங்காவில் விழுமென்றால், எந்த மாதம், எத்தனை மணிக்கு, எவ்வளவு இடத்தில் விழும் என்று கட்டுகிறவர் கணக்குக் காட்ட வேண்டும். அதற்கென்று தனி அளவையே வைத்திருக்கிறார்கள்: சதுர அடி மணி. அளந்து கொடுக்க நிபுணர்கள் உண்டு, கேட்டு முடிவு சொல்ல ஆணையம் உண்டு. சூரியன் உதித்து ஒரு மணி நேரம் கழிந்ததிலிருந்து, மறைய ஒரு மணி நேரம் இருக்கும்வரை அந்தப் புல்லுக்குரிய வெயிலில் யாரும் லேசில் கைவைத்துவிட முடியாது.

இரவிலும் புல்லுக்குப் பாதுகாப்பு உண்டு. நள்ளிரவு முதல் காலை ஐந்து மணிவரை பூங்காக்களை மூடிவிடும் சட்டம் 2013-இல் வந்தது. புல்லும் தூங்க வேண்டுமே! அதன் மேல் யாராவது வந்து படுத்தால் அதற்கு எப்படித் தூக்கம் வரும்?

மிஷன் தெருவில் ஒரு சலவைக்கடை. காசு போட்டால் துணி துவைக்கும் இயந்திரங்கள் வரிசையாக நிற்குமே, அந்த ரகம். அதை இடித்துவிட்டு 75 வீடுகள் கட்டுகிறேன் என்றார் உரிமையாளர். ஊரில் வீட்டுப் பஞ்சம் தலைவிரித்தாடுகிறது. ஓடிவந்து அனுமதி கொடுத்திருப்பார்கள் என்று நினைப்பீர்கள். 2018-இல் மாநகராட்சி கேட்ட கேள்வி வேறு: இந்தச் சலவைக்கடை ஒரு சரித்திரச் சின்னமாக இருந்துவிட்டால் என்ன செய்வது? ஆராய்ச்சி நடந்தது. சரித்திரம் போதாது என்று தெரிந்தது. சரி, கட்டலாமா என்றால், பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் விளையாட்டுத் திடலில் நிழல் விழுமே என்றார்கள். மறுபடி இழுத்தார்கள்.

இப்படி நிழலையும் சரித்திரத்தையும் அளந்துகொண்டே இருந்த ஊரில் ஒற்றைப் படுக்கையறை வீட்டுக்கு மாத வாடகை 3,000 டாலரைத் தாண்டிவிட்டது. 2024 ஜனவரியில் ஓர் இரவு எண்ணிப் பார்த்தபோது வீடில்லாதவர்கள் 8,323 பேர் இருந்தார்கள். இத்தனைக்கும் ஊரின் மொத்த ஜனத்தொகை எட்டு லட்சத்துக்குச் சற்று மேல்தான். மாநகராட்சியின் ஆண்டு பட்ஜெட் 1,500 கோடி டாலருக்கு மேல். கோடி என்பது எழுத்துப் பிழையல்ல, டாலர் என்பதும் பிழையல்ல.

விருந்துக்கு வந்தவன் வீட்டுக் குறை பேசலாமா என்று ஒரு தயக்கம் எனக்கும் இருந்தது. அமெரிக்க வெளியுறவுத் துறை ஆண்டுதோறும் உலகத்து நாடுகளின் மனித உரிமை லட்சணம் பற்றி நாடு வாரியாக அறிக்கை போடுகிறது. தன் நாட்டை மட்டும் அதில் சேர்த்துக்கொள்வதில்லை. விட்டுப்போன அந்த ஒரு நாட்டுக்கு நாம் நாலு பக்கம் எழுதிக் கொடுத்தால் உதவியாகத்தான் இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

மார்க்கெட் தெருவைக் கடற்கரைப் பக்கமிருந்து மேற்கே நடந்து பார்க்க வேண்டும். முதலில் வங்கிகள். 2018-இல் திறந்த 1,070 அடி உயர சேல்ஸ்ஃபோர்ஸ் கோபுரம் தெற்கே தலையை நீட்டிக்கொண்டு கூடவே வரும். பளிங்குத் தரை, காபி வாசனை, கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் இளைஞர்கள். ஐந்தாம் தெருவைத் தாண்டினால் காட்சி மாறுகிறது. ஆறாம் தெரு, ஏழாம் தெரு. வடக்கே டெண்டர்லாயின் என்ற ஏழைப் பேட்டை. கோபுரத்திலிருந்து இங்கே நடந்தே வரலாம், அரை மணி நேரம்கூட ஆகாது. நடக்கத்தான் யாரும் விரும்புவதில்லை.

ஏழாம் தெரு முனையில் ஒருவன் நின்றுகொண்டிருந்தான். நின்றுகொண்டிருந்தான் என்று சொல்லலாமா தெரியவில்லை. இடுப்பில் மடிந்து, தலை முழங்காலைத் தொடுமளவு குனிந்து, ஆனால் விழாமல் இருந்தான். ஃபெண்டனில் செய்யும் வேலை. ஒரு கையில் லைட்டர். இன்னொரு கையின் விரல்கள் நடைபாதையை ஏறக்குறையத் தொட்டபடி தொங்கின. ஒரு காலில் ஷூ. மற்றக் காலில், ஆஸ்பத்திரியில் நோயாளி வழுக்கி விழாமலிருக்க மாட்டிவிடுவார்களே, அடியில் ரப்பர்ப் புள்ளி வைத்த மஞ்சள் காலுறை. ஆக, அண்மையில் ஏதோ ஓர் ஆஸ்பத்திரி இவனைப் படுக்கவைத்து, நாடி பிடித்து, பில் எழுதி, வழுக்கி விழுந்துவிடக் கூடாதே என்று காலுறையும் மாட்டி, பத்திரமாக இந்தத் தெருமுனைக்கு அனுப்பிவைத்திருக்கிறது. காலுறை சரியாகத்தான் வேலை செய்தது. அவன் வழுக்கவில்லை.

நான் அங்கே நின்ற நேரத்தில் ஐம்பது அறுபது பேராவது அவனைக் கடந்து போயிருப்பார்கள். ஒருவரும் முட்டவில்லை. தலை திருப்பாமல், நடை தளராமல், போனில் பேச்சுக்கூட அறுபடாமல், சரியாக இரண்டடி தள்ளி வளைந்து போனார்கள். இது ஒருநாள் பழக்கத்தில் வருகிற வித்தை கிடையாது. 2023-இல் மட்டும் இந்த ஊரில் போதைமருந்து அளவு மீறிச் செத்தவர்கள் 800-க்கும் மேல். ஏறக்குறைய ஆயிரத்துக்கு ஒருவர். அத்தனை சாவையும் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போய் வந்த கால்கள் அவை.

என்னை அழைத்துவந்த தம்பி மகன் இந்த வித்தையை எனக்கும் கற்றுக்கொடுத்தான். "பெரியப்பா, கண்ணு குடுக்காதீங்க. நேரா பாத்து நடங்க. பாத்தா பேசுவாங்க, பேசினா கேப்பாங்க." மென்பொருள் கம்பெனியில் நல்ல வேலை, சன்னிவேலில் வீடு, வருடா வருடம் லிவர்மோர் கோயில் அன்னதானத்துக்குக் காசு கொடுக்கிற பிள்ளை. மோசமானவன் என்று யாரும் சொல்லிவிட முடியாது. "இவங்களுக்கு கவர்மெண்ட் எவ்ளோ செலவு பண்ணுது தெரியுமா? இவங்களுக்கே வேணாம் பெரியப்பா, இது அவங்க சாய்ஸ்" என்றான். அந்த மஞ்சள் காலுறையை எந்தக் கடையில் தேர்ந்தெடுத்திருப்பான் என்று கேட்கலாம் என்று வாயெடுத்தேன். டாக்ஸி வந்துவிட்டது.

வந்த டாக்ஸியில் டிரைவர் இல்லை. கூரையில் ஒரு குல்லாய் சுழல, தானே வந்து நின்று, தானே கதவுப் பூட்டைத் திறந்துவிட்டு, தம்பி மகனைப் பெயர் சொல்லி வரவேற்றது. இந்த வண்டிகள் 2024 ஜூன் முதல் ஊரில் எல்லோருக்கும் ஓடுகின்றன. நடைபாதை விளிம்பிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பை காற்றில் உருண்டு வந்தாலும் கண்டுபிடித்து வேகத்தைக் குறைக்கும். ஊரிலேயே டெண்டர்லாயினை முழுசாகப் பார்க்கிறவை இந்தக் காமிராக்கள்தான். குனிந்து நிற்கிறவன், படுத்திருக்கிறவன், தள்ளுவண்டியில் மூட்டை வைத்திருப்பவள் எல்லாமே வண்டியின் திரையில் சின்னச் சின்ன உருவங்களாகத் தெரிந்தன. இடித்துவிடக் கூடாத பொருள்கள் என்ற அளவில் அவர்களை மதிக்கிறது. மனிதர்கள் அந்த அளவுக்குக்கூட மதிப்பதில்லை என்பதால் எனக்கு அந்த வண்டி மேல் சற்று மரியாதை வந்தது.

பார்க்காமல் இருப்பது தனிமனிதர் சாமர்த்தியம் மட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. இந்த ஊரின் சட்டமே அப்படித்தான் பிறந்தது. 1867-இல், தங்கவேட்டை ஓய்ந்த பிறகு, சான் பிரான்சிஸ்கோ ஓர் உத்தரவு போட்டது: உடல் ஊனமுற்றோ சிதைந்தோ பார்க்க அருவருப்பாக இருக்கிறவர்கள் பொதுத் தெருவில் தலைகாட்டக் கூடாது. அமெரிக்காவில் இப்படியொரு சட்டம் போட்ட முதல் ஊர் இதுதான். பிறகு சிகாகோ உட்பட வேறு ஊர்களும் பார்த்துப் பின்பற்றின. வழிகாட்டி நகரம் என்று சும்மாவா சொல்கிறார்கள்! பசித்தவனுக்குப் பசி என்பதல்ல அந்தச் சட்டத்தின் கவலை. பசித்தவனைப் பார்த்துச் சாப்பிட்டவனுக்குக் குமட்டுகிறதே என்பதுதான்.

அந்த உத்தரவு போய்விட்டது, அதன் பேரன்கள் இருக்கிறார்கள். காலை ஏழு மணியிலிருந்து இரவு பதினொன்றுவரை நடைபாதையில் உட்காரவோ படுக்கவோ கூடாது என்று 2010-இல் வாக்களித்தார்கள். 2016-இல் கூடாரத்துக்குத் தடை. 2024 ஜூன் 28 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே வந்து கைகொடுத்தது. வழக்கு ஆரிகன் மாநிலத்தின் கிராண்ட்ஸ் பாஸ் என்ற சிற்றூரைப் பற்றியது. அங்கே பொது இடத்தில் போர்வை விரித்துப் படுத்தால் 295 டாலர் அபராதம். போக வீடில்லாதவனைத் தூங்கியதற்காகத் தண்டிப்பது கொடுமையில்லையா என்று கேட்டார்கள். இல்லை என்று ஆறு நீதிபதிகள் சொன்னார்கள், மூன்று பேர் மறுத்தார்கள். ஆறு பேரின் தர்க்கம் அபாரமானது: இந்தச் சட்டம் வீடில்லாதவனை மட்டும் குறிவைக்கவில்லை, முதுகில் மூட்டையோடு சுற்றுலா வந்தவன் படுத்தாலும் இதே அபராதம்தானாம். ஆகா! போக வீடுள்ளவனையும் தெருவில் தூங்கவிடாத நாட்டில் பாரபட்சத்துக்கு ஏது இடம்? 295 டாலர் கையிலிருந்தால் அவன் ஏனய்யா தெருவில் படுக்கிறான் என்று கேட்க அந்தத் தீர்ப்பில் இடம் இருக்கவில்லை.

தீர்ப்பு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கலிபோர்னியா ஆளுநர் கேவின் நியூசம் மாநில அரசின் நிலங்களிலிருந்து கூடாரங்களை அகற்ற உத்தரவிட்டார். சான் பிரான்சிஸ்கோவின் அப்போதைய மேயர் லண்டன் பிரீட், ஆகஸ்டில், வீடில்லாதவனிடம் வேறெந்த உதவியும் பேசுமுன் ஊரைவிட்டுப் போகப் பஸ் டிக்கெட் வேண்டுமா என்று கேளுங்கள் என்று ஊழியர்களுக்கு ஆணை பிறப்பித்தார். எங்கிருந்தோ வந்தவர்கள்தானே, வந்த வழியே போகட்டும் என்பது நினைப்பு. மாநகராட்சியே 2022-இல் எடுத்த கணக்கெடுப்பில் பத்துக்கு ஏழு பேர், வீடிழந்தபோது நான் இதே ஊரில்தான் குடியிருந்தேன் என்று சொல்லியிருக்கிறார்கள். சொந்த ஊரிலிருந்து சொந்த ஊருக்கு எந்தப் பஸ் போகும்?

அப்புறப்படுத்துவதை ஒருநாள் காலையில் நேரில் பார்த்தேன். தண்ணீர் வண்டி ஒன்று, குப்பை லாரி ஒன்று, போலீஸ் கார் ஒன்று. பச்சை மஞ்சள் சட்டை போட்ட மாநகராட்சி ஊழியர்கள். நீலத் தார்ப்பாய்க்கு உள்ளேயிருந்து ஐம்பது ஐம்பத்தைந்து வயதிருக்கும் ஓர் அம்மாள் சக்கர நாற்காலியில் வெளியே வந்தாள். மடியில் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா. அதற்குள் காகிதங்கள், மாத்திரைக் குப்பிகள். அதை மட்டும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். கூடாரத்தைக் கொண்டுபோகாதே என்று கத்தவில்லை, கெஞ்சவும் இல்லை. பழக்கப்பட்டவள் என்று தெரிந்தது. ஒரு பொருளைச் சுட்டி என்னவோ சொன்னாள். ஊழியர் எடுத்துக் கொடுத்தார், இன்னொரு ஷூ. தார்ப்பாயும் மெத்தையும் லாரிக்குள் போயின. எடுத்த சாமான்களைப் பத்திரமாக வைத்திருந்து, கேட்டு வந்தால் திருப்பித் தருவதாகத்தான் ஏட்டில் விதி. கூடாரத்தோடு மருந்தும் அடையாள அட்டையும் குப்பைக்குப் போகின்றன என்று வீடற்றோர் கூட்டமைப்பு 2022-இல் மத்திய நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது, அந்த ஏட்டு லட்சணத்துக்காக.

பிறகு தண்ணீர் பாய்ச்சினார்கள். அவள் படுத்திருந்த இடம் பளபளவென்று காய்ந்துகொண்டிருந்தது. மதியம் திரும்பி வரும்போது பார்த்தேன். அடுத்த தெரு முனையில், மூடிக் கிடந்த ஒரு கடையின் ஷட்டருக்கு முன்னால், அதே நாற்காலி, அதே டப்பா. கூடாரம் மட்டும் இல்லை. ஆக, காலையில் மூன்று வண்டி, ஏழெட்டு ஊழியர்கள், ஒரு போலீஸ் சம்பளம் என்று செலவழித்து மாநகராட்சி சாதித்தது: ஒரு பெண்ணை ஒரு தெரு தள்ளி நகர்த்தி, அவள் கூடாரத்தைப் பிடுங்கிக்கொண்டது. இதற்குத்தான் 'எவ்ளோ செலவு பண்ணுது தெரியுமா' என்று என் தம்பி மகன் நெஞ்சு நிமிர்த்துகிறான்.

2023 நவம்பரில் ஆசிய பசிபிக் பொருளாதார மாநாட்டுக்குச் சீன அதிபர் ஷி ஜின்பிங் வந்தபோது, எத்தனையோ வருடம் அகற்ற முடியாதவை என்று சொல்லப்பட்ட கூடாரங்கள் மாநாட்டைச் சுற்றியிருந்த தெருக்களில் காணாமல் போயின. பெரிய மனுஷர்கள் வருகிறார்கள் என்பதற்காகத்தானே சுத்தம் செய்கிறீர்கள் என்று ஊரார் கேட்கிறார்கள் என்பதை நியூசமே மேடையில் எடுத்துச் சொல்லி, ஆமாம், உண்மைதான் என்று ஒப்புக்கொண்டார். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவரைப் பாராட்ட வேண்டும், ஒளிவு மறைவு கிடையாது. 2019 அக்டோபரில் இதே ஷி மாமல்லபுரத்துக்கு வந்தபோது நாம் சுவருக்கெல்லாம் வெள்ளையடித்து, தெருக்கடைகளை ஓரங்கட்டி, வாழைமரம் கட்டினோம். இரண்டு ஊரையும் பார்த்துவிட்டுப் போன அந்த மனிதர், ஜனநாயக நாடுகளில் ஏழைகளே இல்லை போலிருக்கிறது என்று முடிவுகட்டியிருந்தால் அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

மாநாடு தொடங்கும் சமயத்தில்தான் ஐக்கிய நாடுகள் சதுக்கத்தையும் மாற்றினார்கள். ஐ.நா. சாசனம் 1945-இல் கையெழுத்தானது இந்த ஊரில்தான். அதன் நினைவாக மார்க்கெட் தெருவில், மாநகர மண்டபத்தைப் பார்த்தபடி ஒரு சதுக்கம் இருக்கிறது. போதைமருந்து விற்கிறவர்களும் வாங்குகிறவர்களும் உட்கார இடமே இல்லாதவர்களும் அங்கேதான் கூடுவார்கள். அவர்களைக் கலைக்க மாநகராட்சி கண்ட வழி, சறுக்குப் பலகையில் பிள்ளைகள் துள்ளி விளையாடத் தளம் போட்டது. மனிதகுலத்தின் மாண்பு பற்றிப் பேசிய ஆவணத்துக்கு எழுப்பிய இடத்தில் இப்போது சர் சர் என்று சக்கரங்கள் உரசுகின்றன. பிள்ளைகள் பாவம், அவர்கள் நன்றாகத்தான் விளையாடுகிறார்கள். அங்கே இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டால் அடுத்த தெருவைக் கைகாட்டுகிறார்கள். இந்த ஊரில் எல்லாக் கேள்விக்கும் பதில் அடுத்த தெருவில்தான் இருக்கிறது.

தெருவில் மலம் கிடக்கிறது என்று உலகம் முழுக்கப் பேச்சு. கிடக்கிறது, நான் மறுக்கவில்லை. மலம் கழிக்க இடமில்லாத மனிதன் வேறென்ன செய்வான் என்பதை யோசித்து ஒரு கழிப்பறை கட்டப் புறப்பட்டார்கள், 2022-இல். டெண்டர்லாயினில் என்றா நினைத்தீர்கள்? நோயி வேலி என்ற வசதியான பேட்டையில். ஒரே ஒரு கழிப்பறை, 150 சதுர அடி. மதிப்பீடு 17 லட்சம் டாலர். நம் பணத்தில் அப்போது ஏறக்குறைய 14 கோடி ரூபாய். 2025-இல் தயாராகும் என்றார்கள். ஏன் மூன்று வருடம் என்றால், வடிவமைப்பைக் கலை ஆணையம் பார்க்க வேண்டும், சுற்றுச்சூழல் ஆய்வு நடக்க வேண்டும், ஊர் மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும். நாடே கைகொட்டிச் சிரித்த பிறகு ஒரு கம்பெனி ஆயத்தக் கழிப்பறையை இனாமாகக் கொடுக்க, 2024-இல் அது திறக்கப்பட்டது. திறப்பு விழாவே நடந்தது. அதே 2022-இல் நடைபாதைக் குப்பைத்தொட்டிக்குப் புது வடிவம் தேடி மாதிரிகள் செய்து பார்த்தார்கள். ஆக விலை கூடிய மாதிரித் தொட்டி 20,000 டாலருக்கு மேல். குப்பை நல்ல தொட்டியில் இருக்க வேண்டும் என்ற அக்கறை இருக்கிறது பாருங்கள்!

பணக்காரர்களின் தர்ம சிந்தனையையும் விட்டுவிடக் கூடாது. டெண்டர்லாயினில் கிளைட் என்ற தேவாலயம் தினமும் ஏழைகளுக்குச் சாப்பாடு போடுகிறது. உண்மையான தொண்டு. அதற்கு நிதி திரட்ட, 2000 முதல் வாரன் பஃபெட்டோடு உட்கார்ந்து மதிய உணவு சாப்பிடும் பாக்கியத்தை ஏலம் விட்டார்கள். 2022-இல் நடந்த ஏலம் 1 கோடியே 90 லட்சம் டாலருக்குப் போனது. ஒரு பணக்காரன் இன்னொரு பணக்காரனோடு சாப்பிட்டால்தான் ஏழையின் தட்டில் சோறு விழும் என்ற பொருளாதாரத்தை நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் படித்ததில்லை. வரி என்று ஒன்று இருக்கிறதே, அதை ஒழுங்காக வாங்கினால் இந்த விருந்து தேவைப்படாதே என்று கேட்டால், 2011-இல் இதே மார்க்கெட் தெருவில் அலுவலகம் வைக்கும் கம்பெனிகளுக்குச் சம்பள வரியில் சலுகை கொடுத்த கதையைச் சொல்ல வேண்டிவரும். ட்விட்டர் அதற்காகவே வந்தது, பிறகு போயும் விட்டது. கம்பெனிகள் தங்கள் ஊழியர்களை ஏற்றிப்போகும் பெரிய வெள்ளைச் சொகுசுப் பேருந்துகள் மாநகரப் பேருந்து நிறுத்தங்களில் நின்றபோது ஊரார் கொதித்தார்கள். 2014-இல் ஒரு தீர்வு கண்டார்கள்: நிறுத்தத்துக்கு ஒரு டாலர் கட்டணம். அந்தச் சமயம் மாநகரப் பேருந்தில் ஏறும் சாதாரண ஆளுக்கு டிக்கெட் 2 டாலர். முழுப் பேருந்துக்கு ஒன்று, முனியம்மாவுக்கு இரண்டு.

இவ்வளவு பேர் எங்கிருந்து தெருவுக்கு வந்தார்கள் என்ற கேள்விக்குப் போதை என்றும் மனநோய் என்றும் சுருக்கமாகப் பதில் வைத்திருக்கிறார்கள். கூலிக்காரர்களும் ஓய்வுபெற்ற மாலுமிகளும் மாத வாடகைக்கு ஓர் அறை எடுத்துத் தங்கிய மலிவு விடுதிகள் இந்த ஊரில் ஆயிரக்கணக்கில் இருந்தன. நகர மேம்பாடு என்ற பெயரில் அவற்றைத் தரைமட்டமாக்கி மாநாட்டு அரங்கும் அருங்காட்சியகமும் கட்டினார்கள். கியர்னி தெருவில் இன்டர்நேஷனல் ஹோட்டல் என்று ஒன்று. பெயர்தான் ஹோட்டல், பிலிப்பீன்ஸிலிருந்தும் சீனாவிலிருந்தும் வந்து, வாழ்நாள் பூராவும் தோட்டத்திலும் மீன் பதப்படுத்தும் ஆலைகளிலும் உழைத்துத் தேய்ந்த கிழவர்களின் வீடு. கார் நிறுத்த இடம் கட்டவென்று 1968-இல் அவர்களைக் கிளப்பப் பார்த்தார்கள். ஒன்பது வருடம் போராடினார்கள். 1977 ஆகஸ்ட் 4, விடிவதற்கு முன்னால், நூற்றுக்கணக்கான போலீஸ்காரர்கள் குதிரைகளோடு வந்து, வாசலில் கைகோத்து நின்ற ஆயிரக்கணக்கான ஜனங்களை அடித்து விலக்கி, கிழவர்களை ஒவ்வொருவராக வெளியே கொண்டுவந்து விட்டார்கள். அப்படி என்ன அவசரம் என்று கேட்காதீர்கள். பிறகு கட்டடத்தை இடித்தார்கள். அதற்குப் பிறகு அந்த இடம் இருபது வருடத்துக்கு மேல் வெறும் பள்ளமாகக் கிடந்தது. 2005-இல்தான் அங்கே முதியோர் குடியிருப்பு ஒன்று எழுந்தது. அதில் குடியேறத் துரத்தப்பட்டவர்களில் எத்தனை பேர் உயிரோடு இருந்திருப்பார்கள்?

அந்தப் பள்ளத்தால் யாருக்கும் பார்வைக்கு இடைஞ்சல் இருக்கவில்லை. வேலி போட்டு மறைத்திருந்தார்கள்.

நியூசம் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2002-இல், ஏழைகளுக்கு மாநகராட்சி கொடுத்துவந்த மாத உதவித் தொகையை 395 டாலரிலிருந்து 59 டாலராகக் குறைத்து, மீதிக்குத் தங்குமிடமும் சேவையும் கொடுக்கலாம் என்று மக்களிடம் வாக்குக் கேட்டு ஜெயித்தார். அந்தப் புகழில் மேயரானார். 2004-இல், நெடுங்காலம் தெருவில் கிடப்பவர்களே இல்லாதபடி பத்தே வருடத்தில் செய்துவிடுகிறேன் என்று திட்டம் போட்டார். 2005-இல் வீடற்றவர்களுக்குப் பஸ் டிக்கெட் கொடுக்கும் திட்டம். பத்து வருடம் முடிந்தது, இன்னொரு பத்தும் முடிந்தது. மேயர் ஆளுநர் ஆனார். 2024 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு பாலத்தடியில் கையுறை போட்டுக்கொண்டு, காமிராக்கள் சூழ, கூடாரங்களின் குப்பையைத் தானே அள்ளினார். இருபது வருடம் உழைத்தால் மனிதன் எவ்வளவு உயரலாம் என்பதற்கு அவர் உதாரணம். அள்ளப்பட்ட மெத்தையில் படுத்திருந்தவன் காமிராவுக்குள் வரவில்லை.

2024 நவம்பரில் ஊர் புது மேயரைத் தேர்ந்தெடுத்தது. லீவைஸ் ஜீன்ஸ் குடும்பத்து வாரிசு டேனியல் லூரி. வறுமையை ஒழிக்கவென்றே ஓர் அறக்கட்டளை நடத்தியவர். நெடுங்கால வீடின்மையை ஐந்தே வருடத்தில் பாதியாக்குவோம் என்று 2017-இல் அந்த அறக்கட்டளை 10 கோடி டாலர் சபதம் போட்டது. சபதம் என்னவாயிற்று என்று மார்க்கெட் தெருவில் நடந்தால் தெரியும். தேர்தலின்போது, பதவியேற்று ஆறு மாதத்தில் 1,500 படுக்கை என்றார். ஆறு மாதம் வந்தது, அந்த எண்ணை ஓரமாக வைத்துவிட்டார்கள்.

படுக்கைக்குப் பதில் 2025 ஜூலையில் வந்தது இன்னொரு சட்டம். வாடகை கட்ட முடியாமல் பழைய வேனிலும் பெரிய வண்டியிலும் குடும்பத்தோடு குடியிருக்கிறவர்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. பலர் வேலைக்குப் போகிறவர்கள். சமையல், துப்புரவு, டெலிவரி. அனுமதிச் சீட்டு இல்லாத பெரிய வண்டி இனி எந்தத் தெருவிலும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது. அடுப்பில் உலை வைத்தால் சோறு வடிக்குமுன் வண்டியை எடுக்க வேண்டும். இரவு பத்து மணிக்குப் பிள்ளையைத் தூங்க வைத்தால் பன்னிரண்டுக்கு நகர்த்த வேண்டும், பிறகு இரண்டுக்கு, பிறகு நாலுக்கு. காலையில் எழுந்து அந்தப் பிள்ளையின் அப்பன் ஏதோ ஒரு கோபுரத்தின் நாற்பதாவது மாடியில் பளிங்குத் தரையைத் துடைக்கப் போவான். என் தம்பி மகனும் அவன் சகாக்களும் ஒன்பது மணிக்கு வருவதற்குள் தரை காய்ந்திருக்க வேண்டுமாம். ஈரமாக இருந்தால் புகார் எழுத ஒரு செயலி இருக்கிறது.